அமுக்கி விடு

காரின் பின்சக்கரத்து பிரேக் டிரம் கழன்று வருவதாக இல்லை. ரமேஷ்பாபு சுத்தியலை எடுத்து அதன் விளிம்பைச் சுற்றித் தட்டினான். தட்டும்போதெல்லாம் துரு பொலபொலவென்று உதிர்ந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது. டிரம் மட்டும் அசையவில்லை.

மாடி பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரர் மதுதா எட்டிப் பார்த்தார். "கீ ரே பாபு, ஹோலோ?"

முடிந்ததா என்று கேட்கிறார். காலையிலிருந்து இதே கேள்விதான். முடியும் தாதா என்று, அண்ணன் முறை வைத்து, தன் அரைகுறை பெங்காலியில் பதில் சொல்லிவிட்டு ரமேஷ்பாபு மறுபடி தட்டினான். மதுதாவுக்குக் கார் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் யார் எந்த வேலையைத் தொடங்கினாலும் அவர் கருத்து சொல்லாமல் அது முடிந்ததில்லை.

மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் மெக்கானிக் சரிசெய்த காரில் ஏறுகிறவள் மெக்கானிக்கை நம்பி ஏறுவாள். ரமேஷ்பாபுவுக்கு வேண்டியது அது இல்லை.

நாளைக் காலை அவன் மனைவி தேவிப்ரியா, மகள் அக்ஷராவைக் கூட்டிக்கொண்டு கரக்பூருக்குப் போகிறாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். கோடை விடுமுறைக்குப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் குழந்தையின் பாடப் புத்தகங்கள் ஒன்றுவிடாமல் பெட்டிக்குள் போவதை ரமேஷ்பாபு பார்த்துவிட்டான். விடுமுறைக்குப் போகிற குழந்தை இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாது. கரக்பூரில் பள்ளிக்கூடம் பேசி முடித்தாகிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் மனதில் ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. ரயிலில் போனால் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். காரில் தானே கொண்டுபோய் விட்டால் தானே போய்த் திரும்ப அழைத்துக்கொண்டும் வரலாம். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை என்று அவனுக்கே தெரியும். வேறு யோசனை இல்லாததால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். தேவியிடம் கேட்டதற்கு, "அந்த வண்டி ஒழுங்கா நிக்கிற வரைக்கும் அக்ஷரா அதுல ஏற மாட்டா" என்று மட்டும் சொன்னாள். முடியாது என்று சொல்லவில்லை. அதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டு அவன் சனிக்கிழமை காலையில் காருக்கு அடியில் படுத்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. டாக்குரியா பாலத்து ஏற்றத்தில் நெரிசல். வண்டிகள் நகரவில்லை. ரமேஷ்பாபு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கார் தானாகப் பின்னால் உருண்டு, பின்னால் நின்ற மினிபஸ்ஸில் போய் முட்டியது. பின்சீட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து பஸ் டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்த அக்ஷராவின் முகம் கண்ணாடியில் மோதி, உதடு கிழிந்து, தையல் போட வேண்டியதாயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மைதான். ஆனால் கார் உருளத் தொடங்கியபோது அவன் தூங்கிப்போயிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தேவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

செக்டர் ஃபைவ் கால் சென்டரில் பத்து வருஷம் ராத்திரி வேலை பார்த்தவன் அவன். வெளிநாட்டுக்காரர்களின் இன்சூரன்ஸ் புகார்களைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. தூக்கம் மட்டும் ராத்திரிக்குத் திரும்பி வரவில்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கிடப்பான். பகலில் சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்குவான்.

டிரம் ஒருவழியாகக் கழன்றது. உள்ளே கையை விட்டு வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் நெம்பினான். பிரேக் ஆயில் ஒழுகி விரலில் வழிந்தது. டிரம்மைப் பிடித்து நிறுத்த வேண்டிய இரண்டு லைனர்களும் எண்ணெயில் ஊறி ஊறுகாய்த் துண்டு மாதிரி பளபளத்தன. அவற்றைக் கையில் எடுத்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பல மாதங்களில் அப்படி இருந்ததில்லை.

"தேவி. இங்க வந்து பாரு."

தேவி ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன பாக்கணும்?"

"லைனர் பூரா ஆயிலு. இத வச்சுக்கிட்டு எப்படிப் பிடிக்கும்? அன்னிக்குப் பாலத்துல நிக்காததுக்கு இதான் காரணம். பாத்தியா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் தொட்டு முகர்ந்தும் பார்த்தாள். "புதுசு மாட்டினா நிக்குமா?"

"நிக்கும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"மத்தியானம் நீ வரணும். பிரேக் குழாய்ல ஏர் எடுக்க ரெண்டு ஆளு வேணும். பெடல மிதிக்கணும், அவ்வளவுதான்."

"சமையல முடிச்சிட்டு வர்றேன். அக்ஷராவ மேல மதுதா வீட்ல விட்டுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு விரலை அவன் சட்டைத் தோளிலேயே துடைத்துவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்து வெகு நாளாகியிருந்தது. அவன் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கையெல்லாம் கரியாக இருந்தது.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று யூடியூபில் ஒருவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மாட்டும்போது எது எங்கே என்று சந்தேகம் வந்தால் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ரமேஷ்பாபு உற்சாகத்தில் இரண்டு பக்கத்தையும் கழற்றிப் போட்டுவிட்டான். அப்புறம் ஸ்பிரிங்குகளையும் கொக்கிகளையும் செய்தித்தாளில் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தக் கொக்கி இடது, எந்தக் கொக்கி வலது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு ஸ்பிரிங் பிளையரிலிருந்து நழுவிப் பறந்து சாக்கடையில் விழுந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தான். சிலிண்டர்களை மாற்றி, புது லைனர்களைப் பொருத்தி, இரண்டு டிரம்மையும் மறுபடி ஏற்றும்போது வெயில் சந்தின் மறுபக்கச் சுவருக்குப் போயிருந்தது.

தேவி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் மல்லாந்து படுத்தான். ஏர் எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பவர் பெடலை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பிறகு ஒரேயடியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சிறு திருகான நிப்பிளைத் திறந்தால், குழாய்க்குள் இருக்கும் காற்று எண்ணெயோடு சேர்ந்து வெளியே பீய்ச்சும். பெடல் தரையில் இருக்கும்போதே நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே வந்துவிடும்.

இதை அவன் அவளுக்கு விளக்கவில்லை. "நான் சொல்றப்ப சொல்றதச் செய். போதும்," என்றுதான் சொன்னான்.

"மிதி. மிதி. மிதி. இன்னும் ஒரு வாட்டி. ஆங், இப்ப அமுக்கி விடு."

அவன் நிப்பிளைத் திறந்தான். எண்ணெய் பிளாஸ்டிக் குழாய் வழியாக வந்து, பாதியாக வெட்டி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் கொப்பளித்தது.

"ஆச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூடினான். மறுபடி மிதி, மிதி, மிதி, அமுக்கி விடு. ஆச்சா? ஆச்சு. ஒவ்வொரு முறையும் குமிழ் வந்தது. இவ்வளவு காற்று எங்கேதான் இருந்தது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வலது சக்கரத்துக்குப் போனார்கள். அங்கேயும் அதே கதை. திரும்ப இடதுக்கு வந்தார்கள்.

ஆச்சா என்பது மதுதாவின் காதில் பெங்காலி அச்சாவாக விழுந்திருக்கிறது; மேலேயிருந்து சிரித்தார். "நாள் பூரா ரெண்டு பேரும் அச்சா, அச்சான்னே பேசிட்டிருக்கீங்களே," என்றார் பெங்காலியில். "எல்லாத்துக்கும் சரி, சரின்னு சொன்னா நீங்க சண்டை போடுறது எப்போ?"

"சண்டை ராத்திரில தாதா, நீங்க தூங்கினப்புறம்," என்று தேவி பெங்காலியிலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்த மொழியில் அவள் குரலே வேறு மாதிரி இருக்கும். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசியதுதான் அவளுடைய தமிழ். எழுதப் படிக்கத் தெரியாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த அவனுக்கு அந்தத் தமிழ் கல்யாணத்தின்போது மழலையாகத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதை அவன் கவனிப்பதையே நிறுத்தியிருந்தான்.

வெயில் இறங்கிவிட்டது. பெடல் கெட்டிப்படவே இல்லை. பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி தரைவரைக்கும் போனது. பிரேக் ஆயில் டப்பாவில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு," என்று மதுதா மேலேயிருந்து தீர்ப்புச் சொன்னார். "வேற ஒண்ணும் இல்ல. அதான்."

அவருக்கு மாஸ்டர் சிலிண்டர் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் ரமேஷ்பாபு அவரை நம்பினான். அந்த நிலையில் கெட்டதை யார் சொன்னாலும் நம்பியிருப்பான். பெடலுக்குப் பக்கத்திலிருந்து எண்ணெயைத் தள்ளுகிற அந்தச் சிலிண்டரை மாற்றுவது இன்று முடியாது. இன்று முடியாவிட்டால் பிறகு முடிந்து பயனில்லை. ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அவன் எழுந்திருக்கவில்லை. காரின் வயிற்றைப் பார்த்தபடி படுத்திருந்தான். சேறு, துரு, சைலன்ஸரில் ஒட்டி உருகிப்போன ஒரு பிளாஸ்டிக் பை. இப்படியே கிடந்தால் யாராவது வந்து காலைப் பிடித்து இழுத்துப் போடுகிறவரைக்கும் கிடக்கலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் பயமாக இல்லை. சுகமாக இருந்தது. தொடங்கியது எதையும் முடிக்காத ஒருவன். கல்லூரி அப்படி, ராத்திரி வேலை அப்படி. இப்போது இதுவும்.

"தூங்கிட்டீங்களா?" உள்ளேயிருந்து தேவி கேட்டாள்.

"இல்ல."

"சும்மா இருக்கீங்களே."

"இல்லன்னு சொல்றேன்ல."

ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. பிறகு அவன் எழுந்து, முதுகில் ஒட்டியிருந்த செய்தித்தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, முன்கதவுப் பக்கம் வந்தான். பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் விட்டுவிடலாம்.

"அமுக்கி விடு," என்றான்.

தேவி பெடலை அமுக்கினாள். விட்டாள். கால் கீழே போன வேகத்திலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல், சுத்தமாக மேலே வந்தது.

"ஆச்சு," என்றாள்.

அவன் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏன் எடுத்த?"

"நீங்கதான விடுன்னீங்க."

"நான் எங்க விடுன்னு சொன்னேன்?"

"இப்ப சொன்னீங்க. மத்தியானத்துலேருந்து அதத்தான சொல்றீங்க. அமுக்கி விடு. அமுக்கினேன், விட்டேன்."

"அமுக்கி விடுன்னா அமுக்குன்னுதான் அர்த்தம்."

"அப்ப அமுக்குன்னு சொல்ல வேண்டியதுதான? விடு எதுக்கு பின்னாடி வாலு மாதிரி?"

"ஏ, கால் அமுக்கி விடுன்னா என்ன பண்ணுவ? ஒரு அமுக்கு அமுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவியா?"

"அது கால். இது பிரேக்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். அவளும் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். மதியத்திலிருந்து அவன் வெளியே விட்ட காற்றையெல்லாம் அவள் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் சொன்னபடியே.

சிரிப்பு அடங்கும்போது அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அவன் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தேவி. ஒண்ணு கேக்கட்டா."

"கேளுங்க."

"அன்னிக்குக் காலையில ஷிஃப்டு முடிஞ்சு வந்து, என்னால முடியல, வேலைய விட்டுரவான்னு கேட்டேன்ல. நீ விடுங்கன்னு சொன்ன."

அவள் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "எப்போ?"

"வேலைய விட்ட அன்னிக்கு. நீ அடுப்படியில இருந்த."

அவள் யோசித்தாள். யோசிப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் எட்டு மாதமாகத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சொல்லை அவள் தேட வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம், கூட வேலை பார்த்தவர்கள் கேட்டபோதெல்லாம், என் பெண்டாட்டியே விடுங்கள் என்று சொல்லிவிட்டாள் என்றுதான் அவன் சொல்லிவந்தான். ராத்திரி விழித்துக் கிடக்கும்போது தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். வேறு எது தப்பாகப் போனாலும் அந்த முடிவை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள்.

"ஆமா," என்றாள் மெதுவாக. "அக்ஷராவுக்கு ஸ்கூல் பஸ் வந்துடும்னு பராட்டா சுட்டுட்டிருந்தேன். நீங்க ஷூவக் கூடக் கழட்டாம பெட்ல உக்காந்துட்டு புலம்பினீங்க. விடுங்கன்னேன்."

"அதான்."

"அந்தப் பேச்ச விடுங்கன்னேன். போய்ப் படுங்கன்னு."

"படுங்கன்னு நீ சொல்லல."

"சொல்லல. அதான் அர்த்தம்."

"அப்ப வேலைய விடச் சொல்லி நீ சொல்லவே இல்ல."

"யாராவது அப்படிச் சொல்வாங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள். "நீங்க எங்கிட்ட கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. தினம் சொல்றதுதானேன்னு இருந்தேன்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"சாயங்காலம் மிஷ்டிக் கடை ஸ்வீட் டப்பாவோட வந்து நின்னீங்க. லெட்டர் குடுத்துட்டேன்னு சிரிச்சீங்க. அப்படிச் சிரிச்சு நான் எத்தனையோ வருஷம் பாக்கல. அதுக்கு மேல என்ன சொல்றது?"

சந்து விளக்கு எரியத் தொடங்கியது. அதன் வெளிச்சத்தில் அவன் கையிலிருந்த கரி இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. அவன் தன்னைப் பற்றிப் பெரிதாக எதையும் நம்பியவன் இல்லை. ஆனால் தான் தனியாக விழவில்லை என்று நம்பியிருந்தான். இப்போது அதுவும் இல்லை. ஒரு பராட்டா வெந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"எந்திரிங்க," என்றாள் தேவி. "இருட்டுறதுக்குள்ள முடிப்போம். பெங்காலியில சொல்லுங்க. சாப்போன்னா அமுக்குறேன். தொரோன்னா பிடிச்சுக்கிறேன். சாடோன்னு சொன்னாத்தான் காலெடுப்பேன்."

அவன் போய்ப் படுத்தான். இடது கையில் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். "சாப்போ," என்றான். "சாப்போ. சாப்போ. தொரோ." நிப்பிளைத் திறந்தான். குமிழ்கள் சடசடவென்று வந்து, பிறகு குறைந்து, சுத்தமான எண்ணெய் வந்தது. மூடினான். "சாடோ."

அடுத்தவர் மொழியில் வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு பக்கமும் முடித்து அவன் வந்து பெடலை மிதித்துப் பார்த்தபோது அது கல் மாதிரி நின்றது. காலையில் இப்படி நின்றிருந்தால் குதித்திருப்பான். இப்போது மிதித்துப் பார்த்தான், நின்றது, அவ்வளவுதான்.

"பாலத்துக்குப் போய்ப் பாத்துருவோம்," என்றாள் தேவி.

அக்ஷராவை மதுதா வீட்டிலேயே விட்டுவிட்டு இருவரும் போனார்கள். தேவி முன்சீட்டில் உட்கார்ந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டாக்குரியா பாலத்து ஏற்றத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

"கால எடுங்க," என்றாள்.

எடுத்தான். கார் நின்றது.

"கையையும்."

ஸ்டீயரிங்கிலிருந்து கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துவிட்டு ஏதோ திட்டிக்கொண்டே சுற்றிப் போனான். கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

"நிக்குது," என்றாள் தேவி.

"நிக்கும்னு சொன்னேன்ல. அன்னிக்கு லைனர்ல மட்டும் ஆயில் இல்லாம இருந்திருந்தா..."

"அன்னிக்கு நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவன் முன்கண்ணாடியையே பார்த்தான். "நீ போன் பாத்துட்டிருந்த."

"போன்ல சார்ஜ் போயிடுச்சு. அந்தக் கறுப்புல உங்க மூஞ்சிதான் தெரிஞ்சது. வாயத் திறந்துட்டு தூங்கினீங்க." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "எழுப்பலாம்னு கையத் தூக்கினேன். வண்டிதான் நகரலையே, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கே, பாவம் ஒரு நிமிஷம் தூங்கட்டும்னு எழுப்பல. நான் எழுப்பியிருந்தா அவ உதடு கிழிஞ்சிருக்காது."

"இத ஏன் சொல்லல?"

"பிரேக்கு பிரேக்குன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

ஒரு பஸ் அவர்களைக் கடந்து போனது. கார் லேசாக ஆடி நின்றது.

"உங்களப் பாத்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு," என்றாள். "எட்டு மாசமா பாவமாத்தான் இருக்கு. அது நல்லதில்லன்னு அன்னிக்குப் புரிஞ்சிடுச்சு. பாவம் பாத்துட்டு நான் சும்மா உக்காந்திருப்பேன். அடி அவளுக்கு விழும். அப்பா அங்க ஸ்கூல் பேசிட்டார்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

"கரக்பூர் வரைக்கும் நான் ஓட்டிட்டு வர்றேன் தேவி. வண்டி நல்லாயிருச்சு. நீயே பாத்த."

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டுங்க. நான் முன்னாடி உக்காருவேன். நீங்க பேசிக்கிட்டே வரணும். பேச்சு நின்னா அங்கேயே இறங்கி டாக்ஸி பிடிப்போம்."

மறுநாள் காலை பெட்டிகளை டிக்கியில் ஏற்றினான். மதுதா கீழே இறங்கி வந்து, பின்டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தேவிக்கு உத்தரவாதம் கொடுத்தார். அக்ஷராவுக்கு பெல்ட் போட்டுவிட்டான். அவள் உதட்டில் தையல் போட்ட இடம் சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

"அப்பா, பேசணுமாம்," என்றாள் அவள். "மா சொன்னா."

"பேசுறேன்."

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ராத்திரி அவன் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. என்ன பேசுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்ததெல்லாம் குழந்தைக்கு முன்னால் பேசக்கூடியதாக இல்லை. தேவி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவுக் கைப்பிடியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

அவன் கடைப் பலகைகளை வாசிக்க ஆரம்பித்தான்.

"மெடிக்கல் ஹால். சாரி சென்டர். இங்க ஒரு பல் டாக்டர். பக்கத்துல இன்னொரு பல் டாக்டர். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். ஐஸ்க்ரீம். இது என்னன்னு தெரியல, பெங்காலியில இருக்கு."

"மாதர் தையல் பயிற்சி நிலையம்," என்று பின்னாலிருந்து அக்ஷரா பெங்காலியைப் படித்துத் தமிழில் சொன்னாள். அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. இங்கிலீஷ் பலகை அவனுக்கு, பெங்காலிப் பலகை அவளுக்கு. யார் முந்தி என்று பார்க்கலாம் என்றாள். அவன் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. உண்மையிலேயே தோற்றுக்கொண்டிருந்தான். சிக்னல் வரும்போதெல்லாம் கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. தேவி ஒருமுறைகூட டாக்ஸி என்று சொல்லவில்லை. வேறு எதையும் சொல்லவில்லை.

ஹவுரா ஸ்டேஷன் வாசலில் நிற்க விடமாட்டார்கள். பெட்டிகளை இறக்கி வைப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் பானெட்டைத் தட்டி நகரச் சொன்னார். போர்ட்டர் பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான். அக்ஷரா கை காட்டினாள். தேவி குனிந்து, ஜன்னல் வழியாக, "போறப்ப தூங்கிடாதீங்க," என்றாள். பதிலுக்கு நிற்காமல் போர்ட்டரின் தலையில் இருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குள் போனாள்.

போலீஸ்காரர் மறுபடி பானெட்டைத் தட்டினார். ரமேஷ்பாபு வண்டியைக் கிளப்பினான்.

"லாட்ஜ்," என்றான். "லக்கேஜ் ரூம். ஏசி, நான் ஏசி. வெஜ் மீல்ஸ். கண்ணாடிக் கடை. குடை ரிப்பேர்." ஹவுரா பாலத்தில் பலகைகள் இல்லை. அது முடிந்ததும் மறுபடி வந்தன. பாத்திரக் கடை, பட்டாணிக் கடை, பெங்காலியில் ஏதோ ஒன்று. பெங்காலிப் பலகையை யாரும் படிக்கவில்லை. அப்போதுதான் தான் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.